பார்பியின் குட்டிச் சாமான்களை ஆவணம் என்று சொல்லலாமா?

மேலோட்டமாகப் பார்த்தால் உங்கள் கேள்வி ‘வைத்துக்கொள்வதா, போட்டுவிடுவதா’ என்பதுதான். அமெரிக்காவில் இருக்கும் அத்தை எண்பதுகளில் ஊருக்கு வரும்போதெல்லாம் வாங்கி வந்த பார்பி பொம்மைகளும், ஒரு பிஸ்கட் டப்பா நிறைய அவற்றின் குட்டிச் சாமான்களும் வீடு மாற்றும்போது கையில் சிக்கியிருக்கின்றன. ஆபீஸ் போகிற பெண், நர்ஸ், டாக்டர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. இவற்றுக்குப் பண்பாட்டு மதிப்பு உண்டா, அல்லது கம்பெனி விற்பனைக்காகப் போட்ட வேஷம்தானா என்கிறீர்கள். முதுகுப் பக்கம் 1966 என்று அச்சாகியிருப்பதால் அவ்வளவு பழசா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் நேராகக் கேட்காத ஒன்றும் கேள்விக்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது: பொம்மைக்கு டாக்டர் கோட்டு மாட்டிவிட்டால், அதை வைத்து விளையாடிய பெண்ணின் மனதில் ஏதாவது மாறியிருக்குமா? விளையாட்டுப் பொருட்களை அருங்காட்சியகத்துக்காக வகைப்படுத்திப் பதிவு செய்வதுதான் பல வருடங்களாக என் வேலை. அந்தப் பழக்கத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் 1966-ஐ முடித்துவிடலாம். அது பொம்மை செய்த வருடம் இல்லை. உடலை வார்க்கும் அச்சுக்கு உரிமை பதிந்த வருடம். அதே எண்ணைத் தாங்கிய உடல்கள் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்துகொண்டே இருந்தன. தலைக்குத் தனி அச்சு, தனி வருடம். பின்னங்கழுத்தில் முடியின் ஓரமாகப் பார்த்தால் பெரும்பாலும் 1976 என்று இருக்கும். இணையத்தில் ‘1966 பார்பி’ என்று விலை போட்டு விற்பவர்களில் பலர் இந்த எண்ணைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். காலத்தைக் கணிக்க அச்சு எண்ணைவிட அதற்குக் கீழே இருக்கும் நாட்டின் பெயர் உதவும். ஆரம்பத்தில் ஜப்பான், பிறகு தைவான், ஹாங்காங், பிலிப்பைன்ஸ், மலேசியா, சீனா, இந்தோனேசியா என்று தொழிற்சாலைகள் நகர்ந்துகொண்டே போயின. ஆனால் அதைவிடவும் நம்பகமான சாட்சி உங்கள் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது.

நீங்கள் போட்டிருக்கும் படத்தில் ஒரு குட்டி பிரீஃப்கேஸ், கால்குலேட்டர், செய்தித்தாள், விரல் நகம் அளவுக்கு ஒரு கிரெடிட் கார்டு தெரிகின்றன. இவை 1985-ல் வந்த ‘டே டு நைட்’ பார்பியோடு சேர்ந்தவை. ரோஸ் நிறக் கோட்டும் பாவாடையும் போட்டு ஆபீஸ் போவாள். பாவாடையை உள்பக்கம் வெளியே திருப்பினால் மாலை விருந்து உடை. அந்தக் கார்டைக் கொஞ்சம் கவனியுங்கள். அமெரிக்காவில் பெண் என்பதாலோ, மணமானவள் அல்லது ஆகாதவள் என்பதாலோ கடன் வசதியை மறுக்கக்கூடாது என்று சட்டம் வந்தது 1974-ல்தான். அதற்கு முன்பு, சம்பாதிக்கிற பெண்ணிடமே கணவர் கையெழுத்தைக் கேட்ட வங்கிகள் உண்டு. சட்டம் வந்து பதினோரு வருடத்தில் அந்த அட்டை ஐந்து வயதுக் குழந்தையின் விளையாட்டுச் சாமானாகிவிட்டது. நகத்தளவு பிளாஸ்டிக்கில் ஒரு சட்டத்தின் பின்கதை இருக்கிறது. பண்பாட்டு மதிப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

கொலுவில் செட்டியார் பொம்மைக்கு முன்னால் அரிசியும் பருப்பும் சின்னக் கிண்ணங்களில் வைத்தால்தான் அவர் கடைக்காரர் ஆகிறார். இல்லாவிட்டால் தொப்பை வைத்த ஒரு மனிதர், அவ்வளவுதான். பார்பியும் அப்படித்தான். முகம் ஒன்று, உடல் ஒன்று, மாறுவது உடையும் கையில் இருப்பதும். உடை அழகுக்காகவும் இருக்கலாம். கையில் என்ன கொடுக்கிறார்கள் என்பதில்தான் ‘இந்த வேலையில் ஒரு பெண் என்ன செய்வாள்’ என்று அதைச் செய்த பெரியவர்கள் நினைத்தது தெரிகிறது. வேலை பார்க்கும் பொம்மைகளை ஆராயும்போது நான் உடையைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

அறுபதுகளின் பொம்மைகளை வரிசையாக வைத்தால் இது பளிச்சென்று தெரியும். பார்பி முதலில் வெளிவந்தது 1959 மார்ச் 9, நியூயார்க் பொம்மைச் சந்தையில். விலை மூன்று டாலர், உயரம் பதினொன்றரை அங்குலம். செய்தது மேட்டல் நிறுவனம். யோசனை அதன் நிறுவனர்களில் ஒருவரான ரூத் ஹேண்ட்லருடையது. பெயர் அவர் மகள் பார்பராவுடையது. அதுவரை பெண் குழந்தைகளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் கைக்குழந்தைப் பொம்மை, அதாவது அம்மா வேலைக்கான பயிற்சி. வளர்ந்த பெண்ணின் உருவத்தைக் கொடுத்தால், தான் யாராக ஆகப்போகிறேன் என்பதைக் குழந்தை அதில் விளையாடிப் பார்க்கும் என்று ஹேண்ட்லர் நம்பினார். உருவத்துக்கு மாதிரி ஜெர்மனியில் 1955-லிருந்து விற்ற லில்லி என்ற பொம்மை. அது பத்திரிகைச் சித்திரக் கதையிலிருந்து வந்தது. முதலில் பெரியவர்களுக்காகச் செய்யப்பட்டது. அதன் உரிமையை மேட்டல் பிறகு, 1964-ல், விலைக்கு வாங்கிக்கொண்டது.

1960-ல் வந்த ஆடை வடிவமைப்பாளர் உடையோடு ஒரு கோப்பு கொடுத்தார்கள். அதைத் திறந்தால் உள்ளே வரைந்த ஆடைப் படங்கள் இருக்கும். இவள் வேலையை உண்மையிலேயே செய்கிறாள், செய்த வேலை கையில் இருக்கிறது. 1961-ல் நர்ஸ் வந்தாள். வெள்ளை உடை, தொப்பி, சிவப்பு உள்துணி வைத்த நீலப் போர்வைக் கோட்டு, மூக்குக் கண்ணாடி, மருந்து பாட்டில், ஸ்பூன், வெந்நீர்ப் பை, பட்டயச் சான்றிதழ். சுருட்டிய அந்தக் காகிதச் சான்றிதழ் எனக்கு மிகவும் பிடித்த சாமான்களில் ஒன்று. படித்து வாங்கிய வேலை இது என்பதைப் பொம்மை கையிலேயே கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் மற்றதைப் பாருங்கள்: ஸ்பூனும் வெந்நீர்ப் பையும் வீட்டில் அம்மா செய்கிற பணிவிடைக்கான சாமான்கள். அதே வருடங்களில் பார்பியின் ஜோடியான கென் என்ற ஆண் பொம்மைக்கு வந்த டாக்டர் உடையில் ஸ்டெதாஸ்கோப்பும் நெற்றியில் கட்டும் கண்ணாடியும் மருத்துவப் பையும் இருந்தன. நோயைக் கண்டுபிடிக்கிற கருவி அவனுக்கு, மருந்து ஊட்டுகிற ஸ்பூன் இவளுக்கு. பார்பிக்கு டாக்டர் உடை 1973-ல்தான் வந்தது. அமெரிக்கக் கல்லூரிகள் பெண்களுக்குப் பாகுபாடு காட்டக்கூடாது என்ற சட்டம் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

விமானத்திலும் இதே கதைதான். 1961-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பணிப்பெண்ணாக பார்பி, 1964-ல் அதே நிறுவனத்தின் விமானியாக கென். அந்தக் காலத்தில் நிஜப் பணிப்பெண்களுக்குக் கல்யாணம் ஆனால் வேலை போய்விடும். எடையைச் சோதிப்பார்கள். 32 வயதோடு பறப்பதை நிறுத்திய நிறுவனங்களும் உண்டு. பொம்மைக்கு வயதே ஆகாது என்பதால் இந்த விதிகளில் எதுவும் அதில் தெரியாது. பண்பாட்டுச் சான்று என்று எடுத்துக்கொள்ளும்போது, பொம்மை சொல்லாமல் விட்டதையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

1963-ல் வந்த இன்னொரு உடைக்குப் பெயரே ‘கேரியர் கேர்ள்’, வேலைக்குப் போகும் பெண். கறுப்பு வெள்ளை ட்வீட் கோட்டு, சிவப்பு மேல்சட்டை, ரோஜா வைத்த தொப்பி, நீளமான கறுப்புக் கையுறை. கையில் மட்டும் ஒன்றும் இல்லை, பை கூட இல்லை! என்ன வேலை என்று எவ்வளவு தேடினாலும் தெரியாது. வேலைக்குப் போகிற தோற்றம் இருந்தால் போதும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அதே வருடம் வந்த, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் உடையில் ஒரு குட்டிப் புத்தகம் உண்டு: ‘எடையைக் குறைப்பது எப்படி’. பின்னட்டையில் ‘சாப்பிடாதே’ என்று அச்சிட்டிருந்தார்கள். 1965-ல் இரவு உடையோடு அதே புத்தகத்தை மறுபடியும் கொடுத்து, 110 பவுண்டு காட்டும் எடை இயந்திரத்தையும் கூடச் சேர்த்தார்கள். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வரும். ஆனாலும் அந்தப் புத்தகத்தைத் தூக்கி எறியவே கூடாது என்பேன். சிறுமிகளுக்கு எதைச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதற்கு அதைவிட நேரான ஆதாரம் கிடைக்காது.

இதே 1965-ல்தான் விண்வெளி வீராங்கனை உடையும் வந்தது என்பதுதான் இந்தப் பொம்மையின் விசித்திரம். வெள்ளி நிற உடை, பழுப்புக் கையுறை, காலணி, வெள்ளைத் தலைக்கவசம், கையில் கொடி. சோவியத் நாட்டின் வாலன்டீனா தெரஷ்கோவா 1963-லேயே விண்வெளிக்குப் போய் வந்துவிட்டார். அமெரிக்காவிலோ, தனியார் ஏற்பாட்டில் நடந்த மருத்துவச் சோதனைகளில் 13 பெண் விமானிகள் தேறியும், ஜெட் விமானங்களைச் சோதித்து ஓட்டிய அனுபவம் வேண்டும் என்ற விதியால் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த வேலைக்கே பெண்களை எடுக்காத காலம் அது. நாசா முதன்முதலில் பெண்களைத் தேர்ந்தெடுத்தது 1978-ல். சாலி ரைட் பறந்தது 1983-ல். நாடு கொடுக்காத வேலையைப் பொம்மை பதின்மூன்று வருடம் முன்னாலேயே எடுத்துக்கொண்டது. இதை மேட்டலின் தொலைநோக்கு என்று புகழ்பவர்கள் உண்டு. விண்வெளி மோகம் உச்சத்தில் இருந்த வருடம் அது, கென்னுக்கும் அதே போல ஓர் உடை வந்தது, ஆகவே சந்தை பார்த்துச் செய்த வேலை என்பதுதான் என் கணிப்பு. எதற்காகச் செய்தார்கள் என்பது வேறு, கையில் கிடைத்த குழந்தைக்கு அது என்னவாக இருந்தது என்பது வேறு.

நீங்கள் நேராகக் கேட்காத அந்தக் கேள்வியில்தான் உறுதியாகப் பேச முடியாத இடம் வருகிறது. வேலை பார்க்கும் பொம்மை சிறுமிகளின் ஆசையை விரித்ததா? ‘பார்பி பார்த்துத்தான் நான் டாக்டரானேன்’ என்று சொல்பவர்களை நான் நம்புகிறேன். ஆனால் ஒருவரின் நினைவை வைத்து எல்லோருக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. ஆய்வு என்று பார்த்தால், 2014-ல் ஷெர்மன், ஸுர்பிரிகன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒன்று வெளியிட்டார்கள். நான்கு முதல் ஏழு வயது வரை 37 சிறுமிகள். சிலர் கையில் அலங்கார பார்பி, சிலர் கையில் டாக்டர் பார்பி, சிலர் கையில் உருளைக்கிழங்கு உருவப் பொம்மை. ஐந்து நிமிடம் விளையாடவிட்டு, ‘இந்த வேலைகளில் நீ எதைச் செய்ய முடியும், பையன்கள் எதைச் செய்ய முடியும்’ என்று கேட்டார்கள். பார்பியோடு விளையாடியவர்கள் பையன்களுக்கு அதிக வேலைகளையும் தங்களுக்குக் குறைவான வேலைகளையும் சொன்னார்கள். டாக்டர் கோட்டு போட்ட பார்பியாக இருந்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. உருளைக்கிழங்குப் பொம்மை வைத்திருந்தவர்களிடம் அந்த இடைவெளி குறைவு. படித்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் 37 பேர், ஐந்து நிமிடம் என்பதையும் மறக்கக்கூடாது. வருடக்கணக்காக வீட்டில் ஒரு பொம்மையோடு வாழ்கிற குழந்தையைப் பற்றி அந்த ஐந்து நிமிடம் அதிகம் சொல்லாது. உடல் உருவம் பற்றிய ஆய்வுகளுக்கு இதைவிடக் கொஞ்சம் பலம் உண்டு. 2006-ல் இங்கிலாந்தில் ஐந்திலிருந்து எட்டு வயதுச் சிறுமிகளிடம் செய்ததில், பார்பி படங்களைப் பார்த்த சின்னப் பெண்களுக்குத் தங்கள் உடல் மீதான திருப்தி குறைந்தது. அதுவும் படம் பார்த்த உடனே கேட்ட பதில்தான். ஆகவே ‘பார்பி பெண்களை முன்னேற்றியது’, ‘பார்பி பெண்களைக் கெடுத்தது’ என்று அடித்துச் சொல்பவர்கள் இருவருமே கையில் இருக்கும் ஆதாரத்தைத் தாண்டிப் பேசுகிறார்கள்.

பொம்மை சமூகத்தை மாற்றியதா என்பதைவிட, சமூகம் பொம்மையை மாற்றியது என்பதற்கு ஆதாரம் ஏராளம். 1969-ல் மேட்டல் ஜூலியா என்ற பொம்மையைக் கொண்டுவந்தது. கறுப்பினப் பெண் ஒருவர் நர்ஸாக வரும் தொலைக்காட்சித் தொடர் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. அதில் நடித்த டயான் கேரலின் உருவம் அது. வீட்டு வேலைக்காரியாக அல்லாமல் ஒரு கறுப்பினப் பெண்ணை நாயகியாக வைத்து அமெரிக்காவில் வந்த முதல் தொடர்களில் ஒன்று. சிவில் உரிமைப் போராட்டம் இல்லாமல் அந்தத் தொடர் இல்லை, தொடர் இல்லாமல் அந்தப் பொம்மை இல்லை. அதே போல 1992-ல் பேசும் பார்பி ஒன்று வந்தது. ஒவ்வொரு பொம்மையும் நான்கு வாக்கியம் பேசும், 270 வாக்கியங்களிலிருந்து எடுத்தது. அவற்றில் ஒன்று ‘கணக்கு வகுப்பு கஷ்டம்’ என்றது. பல்கலைக்கழகப் பட்டதாரிப் பெண்கள் சங்கம் கண்டித்தது, மேட்டல் அந்த வாக்கியத்தை எடுத்தது. ஜனாதிபதி வேட்பாளர் பார்பி விற்பனைக்கு வந்ததும் அதே 1992-ல்தான். 2010-ல் கம்ப்யூட்டர் பொறியாளர் வேலையைப் பார்பிக்கு வாங்கிக்கொடுத்தது இணைய வாக்கெடுப்பு. பெண் பொறியாளர்கள் சங்கத்தைக் கேட்டு அதன் சாமான்களை முடிவு செய்தார்கள். ரோஸ் நிற மடிக்கணினியும் இரும எண்கள் அச்சிட்ட சட்டையும் கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பாத்திரத்தை வைத்து வந்த சிறுவர் புத்தகத்தில் அவள் படம் மட்டும் வரைவாள், நிரல் எழுதித் தருவது பையன்கள். 2014-ல் அதைப் படித்தவர்கள் கொதித்தெழுந்ததும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. பொறியாளர்களைக் கேட்டுச் செய்த சாமான் சரியாக இருந்தது, கேட்காமல் எழுதிய கதையில் சறுக்கிவிட்டார்கள்.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. மேட்டல் இதுவரை 250-க்கும் மேற்பட்ட வேலைகளை பார்பிக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்கிறது. அந்தப் பொம்மையைச் செய்த பெண்களின் வேலையும் அந்த உடைகளிலேயே இருக்கிறது. முதல் உடைகளை வடிவமைத்த சார்லட் ஜான்சன் ஜப்பானில் தங்கி வேலையை மேற்பார்த்தார். அவற்றைத் தைத்தவர்களில் நிறையப் பேர் வீட்டிலிருந்தபடியே வேலை செய்த பெண்கள். ஆரம்பகால உடையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். விரலிடுக்கில் பிடிபடாத அளவுக்குச் சின்ன உலோக ஜிப், பொத்தானுக்குத் தனித்தனியாகக் காஜா, முழு உள்துணி. நம் ஊர் டெய்லர் ஒருவரிடம் காட்டினால் எத்தனை மணி நேர வேலை என்று சொல்லிவிடுவார். பிறகு தைவானில் தைஷான் என்ற ஊரில் 1967 முதல் 1987 வரை மேட்டல் தொழிற்சாலை நடந்தது. ஊரில் பெரும்பாலான வீடுகளில் யாராவது ஒருவர் அங்கே வேலை பார்த்தார்கள், அதில் பெண்களே அதிகம். கூலி உயர்ந்ததும் தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. பிற்பாடு அந்த ஊர் தன் பங்குக்கு ஒரு பொம்மை அருங்காட்சியகம் அமைத்தது. உங்கள் பொம்மைகளில் தைவான் என்று இருந்தால் அவர்கள் கைபட்டதாக இருக்கலாம்.

இப்போது வைத்துக்கொள்வது பற்றி. பெரிய விலை எதிர்பார்க்காதீர்கள். எண்பதுகளின் பார்பி லட்சக்கணக்கில் செய்யப்பட்டது, விளையாடிய பொம்மைக்கு வாங்குபவர்கள் அதிகம் தர மாட்டார்கள். ஆனால் சாமான்கள் முழுசாக இருப்பது அரிது. குட்டி ஸ்பூனும் கார்டும் சான்றிதழும்தான் முதலில் தொலையும், வாக்யூம் கிளீனருக்குள் போகும். அதனால் டப்பாவை மொத்தமாக யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

பொம்மையின் மென்மையான பகுதிகள் பிவிசி. அதில் கலந்த நெகிழ்வூட்டி வருடங்கள் போகப்போக மேலே கசியும், கால்கள் பிசுபிசுக்கும். அந்தப் பிசுக்கோடு கெட்டி பிளாஸ்டிக் சாமான் ஒட்டிக்கொண்டு கிடந்தால் அதையும் உருக்கி விடும். எனவே பிரீஃப்கேஸைப் பொம்மையின் கையில் மாட்டி வைக்க வேண்டாம், தனியாகத் தாளில் சுற்றி வையுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் மட்டும் கிட்டக்கூட வேண்டாம். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியே போதும். காது ஓரத்தில் பச்சைக் கறை இருந்தால் அது கம்மலின் செம்பு கசிந்தது. கம்மலைக் கழற்றிவிட்டால் புதிதாகக் கசியாது. ரப்பர் பேண்டு போடாதீர்கள், காற்றுப் புகாத உறையில் அடைக்காதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு மாடிப் பரணைவிட, ஆட்கள் புழங்கும் அறையின் அலமாரி நல்லது.

கடைசியாக ஒன்று, நீங்கள் மட்டுமே செய்யக்கூடியது. எந்த அருங்காட்சியகத்திலும் பெட்டி திறக்காத பார்பிகள் கிடைக்கும். அந்தப் பெட்டியில் எழுதியிருப்பது கம்பெனி சொன்னது. உங்கள் வீட்டில் ஆபீஸ் பார்பியின் பாவாடையை யார் திருப்பிப் போட்டார்கள், நர்ஸ் பார்பி யாருக்கு மருந்து கொடுத்தாள், கிரெடிட் கார்டு என்றால் என்னவென்று தெரியாத வயதில் அதை என்னவாக வைத்து விளையாடினீர்கள் என்பது எந்தப் பெட்டியிலும் இருக்காது. அத்தை இருக்கும்போதே எது எந்த வருடம், எந்த ஊரில், ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள்: யார் வாங்கியது, யார் விளையாடியது, எந்தச் சாமான் எதோடு வந்தது, எதை எதற்காகப் பயன்படுத்தினீர்கள். எழுதுவது பென்சிலில் இருக்கட்டும், பேனா மை பொம்மையில் ஏறினால் போகாது. சீட்டைப் பொம்மையில் கட்டாமல் கூடவே வையுங்கள். நர்ஸ், டாக்டர் இருவரின் பின்கழுத்து எண்ணையும் நாட்டின் பெயரையும் படம் எடுத்துப் போட்டால் அவற்றின் சாமான்களையும் பிரித்துச் சொல்கிறேன்.